முதலாளி உயரத்து சீட்

திருச்சி வியாபாரிகள் அரிசியைக் கண்ணால் பார்த்து வாங்கமாட்டார்கள், பல்லால் கடித்துத்தான் வாங்குவார்கள். அந்தப் பல்லுக்கு அரிசி கொண்டுபோய்க் கொடுப்பது கிட்டத்தட்ட ஐந்து வருஷம் என் வேலையாக இருந்தது.

மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி மில். அரைத்த அரிசி மூட்டையாக வண்டி ஏறுவதற்கு முன்னால் அதன் மாதிரி திருச்சிக்குப் போகவேண்டும். ஒவ்வொரு ரகத்திலும் இரண்டு கைப்பிடி எடுத்துச் சிறு துணிப்பையில் போட்டு, ரகத்தின் பெயரெழுதிய காகிதத்தைப் பை வாயில் வைத்துக் கட்டி, சைக்கிள் ஹேண்டில் பாரில் இரண்டு பக்கமும் தொங்கவிட்டுக்கொண்டு நான் கிளம்புவேன். பெரிய கடைவீதிப் பக்கத்து மண்டிகளில் வியாபாரிகள் பையைப் பிரித்து, அரிசியை உள்ளங்கையில் தேய்த்து, முகர்ந்து, நாலு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்ப்பார்கள். ஒன்பது மணிக்குள் யார் அரிசி வேண்டும், யார் அரிசி வேண்டாம் என்பது முடிந்துவிடும். அதற்குப் பிறகு வந்து சேரும் மாதிரியைக் கோழிக்குப் போடலாம்.

உப்பிலியபுரத்தில் ஐந்தாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டுக் கிளம்பியவன் நான். அதற்கப்புறம் கரூரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் எச்சில் இலை எடுத்தேன். பொன்மலையில் ரயில்வே கட்டட வேலைக்கு மண் சுமந்தேன். இன்னும் நாலைந்து ஊர். எங்கும் ஆறு மாதம் தாண்டியதில்லை. யாரும் துரத்தவில்லை, நானும் யாரோடும் சண்டை போடவில்லை. ஒரு நாள் காலையில் எழுந்தால் வேறு ஊருக்குப் போகவேண்டும் போல் இருக்கும், போய்விடுவேன். பல நாள் பட்டினியாகப் போயிருக்கிறேன். அது பெரிய விஷயமாகத் தோன்றியதில்லை. மில்லில் மட்டும் அந்த மாதிரிக் காலை வரவே இல்லை. தினமும் காலையில் எழுந்து வேறு ஊருக்குப் போவதுதான் அங்கே வேலை என்பதால் இருக்கலாம். போன ஊரிலிருந்து சாயங்காலம் திரும்பி வந்துவிடவேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

யுத்தம் வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தைய காலம். விடியும்போது கிளம்பினால் நொச்சியம் தாண்டுகையில் வெளிச்சம் வந்திருக்கும். பிறகு கொள்ளிடம் பாலம். பாதி நாள் அதில் தண்ணீர் இருக்காது, வெறும் மணல்தான், ஆனாலும் பாலத்தின்மேல் ஏறியதும் சட்டைக்குள் காற்று புகுந்து உப்பும். அதைத் தாண்டினால் ஸ்ரீரங்கத்துத் தென்னந்தோப்புகள், ஈரக் குடுமியோடு வேகமாக நடக்கும் ஆட்கள், பூக்கூடைகள். அடுத்தது காவிரிப் பாலம். அங்கே மலைக்கோட்டை எதிரில் நிற்கும். மிதிக்க மிதிக்க அது கிட்டே வராமல் நின்ற இடத்திலேயே பெரிதாகிக்கொண்டிருக்கும். இன்றைக்கும் கண்ணை மூடினால் எனக்கு அந்த வழி முழுவதும் வரிசையாக வருகிறது. எந்த இடத்தில் பள்ளம், எந்த இடத்தில் நாய் என்பதுகூட.

சைக்கிள் முதலாளியுடையது. பொன்மலையில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி சீமைக்குத் திரும்பியபோது ஏலத்தில் எடுத்தது. முதலாளி ரொம்பக் குள்ளமான மனிதர். குள்ளம் என்று அவர் காதுபட யாரும் சொன்னதில்லை, ஆனால் மில்லில் நாற்காலிகளின் காலெல்லாம் அறுக்கப்பட்டிருக்கும். வாங்கிய புதிதில் ஒரு வைகுண்ட ஏகாதசிக்கு அவர் சைக்கிளில் ஸ்ரீரங்கம் போய், கோபுரத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போயிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் சைக்கிள் இருக்கிறது, சீட் மட்டும் இல்லை. உருவிக்கொண்டு போய்விட்டார்கள். உட்கார இடமில்லாத சைக்கிளை அவர் மண்ணச்சநல்லூர் வரை நின்றபடியே மிதித்துக்கொண்டு வந்தாராம். மறுநாளே புது சீட் போட்டு, தன் உயரத்துக்கு இறக்கி, அதன் தண்டை பிரேமோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டார். இனிமேல் சீட்டைத் திருடவேண்டுமானால் சைக்கிளையே திருடவேண்டும்.

அந்த சீட்டில்தான் நான் உட்கார்ந்தேன். நான் ஆறடிக்கு ஒரு விரல்கடை குறைவு. மிதிக்கும்போது முட்டி இரண்டும் முழங்கையில் வந்து இடிக்கும். இடிக்காமல் இருக்க வெளிப்பக்கமாக விரித்துக்கொண்டு மிதிக்கவேண்டும். மில் கணக்குப்பிள்ளை முதல் நாளே எனக்குத் தவளை என்று பெயர் வைத்தார். ஒரே மாதத்தில் அந்தப் பெயர் எனக்கு முன்னால் திருச்சிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மண்டியில் பையைப் பிரித்துக்கொண்டே, “தவளை வந்துட்டுதுன்னா மணி எட்டரை” என்பார்கள். எனக்கும் அதில் பெருமைதான்.

முதலாளி சைக்கிள் ஓட்டுவதை நிறுத்தி வெகுநாள் ஆகிவிட்டது. வருஷத்தில் ஒரே ஒரு தடவை ஏறுவார். ஆயுத பூஜை அன்றைக்கு, என்ஜினுக்கும் தராசுக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் தீபாராதனை ஆனபிறகு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு மில்லை ஒரு சுற்று சுற்றி வருவார். ஒரு வருஷம் காய்ச்சலில் படுத்து அந்தச் சுற்று நின்றுபோனதாம். அந்த வருஷம் என்ஜின் பெல்ட் அறுந்து ஒரு ஆளின் கை போயிற்று. அதிலிருந்து அந்தச் சுற்றை யாரும் வேடிக்கையாக எடுத்துக்கொள்வதில்லை.

மூன்றாவது வருஷம் பங்குனியில் நான் விழுந்தேன். காவிரிப் பாலத்தின் தென்கோடியில், சத்திரத்துப் பக்கம் இறங்கும் சரிவில், முன்னால் போன மாட்டுவண்டி சட்டென்று நின்றது. பிரேக்கைப் பிடித்தேன். ஈரச் சாணத்தில் சக்கரம் வழுக்கி, வலது முட்டி பாலத்துக் கல்லில் போய் இடித்தது. வலி முதலில் தெரியவில்லை. பைகளைத்தான் பார்த்தேன். ஒன்றும் கிழியவில்லை. எழுந்திருக்கலாம் என்று காலை ஊன்றியபோதுதான் கால் என்னுடையதாக இல்லை என்று தெரிந்தது.

பாலத்தடியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த பாய் ஓடிவந்தார். தினமும் அவர் கடையில்தான் நான் காற்றடிப்பேன். அதற்கு மேல் எங்களுக்குள் பழக்கம் கிடையாது. நான் பையைக் காட்டி மண்டி, மண்டி என்றேனாம். அவர் மாதிரியை ஒரு ஆளிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, என்னை ஜட்காவில் ஏற்றித் தன் தாய்மாமனிடம் கொண்டுபோனார். அந்தப் பெரியவர் கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் எலும்பு கட்டுபவர். முட்டியை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார். சில்லு உடையவில்லை, நகர்ந்திருக்கிறது என்றார். என் வாயில் ஒரு துண்டைத் திணித்து, நகர்ந்ததைத் திரும்ப உட்காரவைத்தார். அந்த ஒரு நொடியைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. பிறகு முட்டை வெள்ளையில் உளுந்து மாவைக் குழைத்துத் துணியில் தடவிச் சுற்றி, மூங்கில் பத்தை வைத்து, தொடையிலிருந்து கணுக்கால்வரை இறுக்கிக் கட்டினார். நாற்பது நாள் அசையக்கூடாது.

நாற்பது நாளும் பாய் கடைக்குப் பின்னால் பழைய டயர்களுக்கு நடுவில் கிடந்தேன். சும்மா சாப்பிடப் பிடிக்கவில்லை. காலை நீட்டியபடியே டியூபுக்குப் பஞ்சர் ஒட்டினேன். பாய் வீட்டுச் சோறு எனக்கும் வந்தது. கட்டில் ஊறிப்போன முட்டை நாற்றமும், ரப்பர்ப் பசை நாற்றமும், அந்தச் சோற்றின் வாசனையும் கலந்து ஒன்றாக இருக்கும். எங்காவது சைக்கிள் கடையைத் தாண்டும்போது இன்றைக்கும் எனக்குப் பசிக்கிறது.

ஒரு நாள் முதலாளி வந்தார். பாய் வீட்டுக்கென்று அரைமூட்டை அரிசி கொண்டுவந்து இறக்கி, சைக்கிளை வண்டியில் ஏற்றிக்கொண்டார். என் காலை எட்ட நின்று பார்த்தார். கணக்குப்பிள்ளை இப்போது பஸ்ஸில் மாதிரி கொண்டுபோகிறார் என்றும், பஸ்காரன் டோல்கேட்டில் ஆள் சேரும்வரை நிற்பதால் பத்து மணிக்குத்தான் மண்டி போய்ச் சேருகிறது என்றும் சொன்னார். பங்குனி, சித்திரையில் அரவை குறைவு, சமாளிக்கலாம். புரட்டாசியில் புது நெல் வரத்தொடங்கினால் முடியாது. கிளம்பும்போது என்னைப் பார்க்காமல் கடைச் சுவரைப் பார்த்துச் சொன்னார்:

“குறுவை நெல் வர்றதுக்குள்ள சைக்கிள்ல வந்து சேரு. இல்லேன்னா நான் வேற ஆள் பார்க்கணும். கோவிச்சுக்காதே.”

கோபம் வரவில்லை. நியாயமான பேச்சு. ஆனால் அன்றைக்குப் படுத்திருந்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. வேலை போனால் இன்னொரு வேலை. அது எனக்குப் பழக்கம்தான். கால் மடங்காவிட்டால் மூட்டை தூக்க முடியாது, மண் சுமக்க முடியாது, ஊர் ஊராக நடக்கவும் முடியாது. ஏதாவது கடை வாசலில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டிக்கொண்டு, போகிற சைக்கிளை எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கவேண்டியதுதான். முதல் தடவையாக எனக்குப் பயம் வந்தது.

கட்டைப் பிரித்தபோது கால் முருங்கைக் குச்சி மாதிரி இருந்தது. மடக்கச் சொன்னார் பெரியவர். ஒரு சாண்கூட மடங்கவில்லை. அவர் கவலைப்படவில்லை. “தம்பி, நாங்க தொழுகையில குதிகால் மேல உக்கார்றோம்ல, அப்படி என்னிக்கு நீ உக்கார்றியோ அன்னிக்கு சைக்கிளைத் தொடு. அதுக்கு முன்னாடி தொட்டா என்கிட்ட வராதே” என்றார்.

அதிலிருந்து அதுவே வேலை. கடையில் ஒரு சாக்கை விரித்து மண்டிபோடுவேன். குதிகாலுக்கும் எனக்கும் நடுவில் முதலில் ஒரு மரப்பெட்டி வைத்து அதன்மேல் உட்கார்ந்தேன். பிறகு இரண்டு டயர். பிறகு ஒரு டயர். பாய் தொழுதுவிட்டு எழுந்து வந்து பார்த்து, “என்ன தம்பி, இன்னும் ஒரு டயர் மிச்சமா?” என்பார்.

தினமும் காலையில் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம்வரை நடந்து வரும்படி பாய்தான் சொன்னார். முதலில் கழியோடு போனேன். ஆனியில் காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா மண்டபத்துப் படித்துறையில் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்று காலை மடக்கி நீட்டினால் வலி பாதியாகக் குறைவதைக் கண்டுபிடித்தேன். தண்ணீர் காலைத் தாங்கிக்கொள்கிறது. படியைப் பிடித்துக்கொண்டு மிதக்கிறமாதிரி இருந்து, இரண்டு காலாலும் பெடல் மிதிப்பதைப்போல் சுற்றுவேன். கோயில் மடைப்பள்ளியில் தளிகை செய்யும் ஒருவர் அங்கே குளிக்க வருவார். கனத்த உடம்பு. நாலு நாள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஐந்தாம் நாள் கேட்டார்:

“ஏன்டாப்பா, ஜலத்துக்குள்ளேயே சைக்கிள் விடறயாக்கும்?”

முட்டியில் அடி என்றேன்.

“எனக்கு அடி படாமலேயே இப்படித்தான் இருக்கு. அடுப்பண்டை நின்னு நின்னு. தள்ளி நில்லு, நானும் விடறேன்.”

ஆடி முடியும்வரை நாங்கள் இரண்டுபேரும் பக்கத்தில் பக்கத்தில் தண்ணீருக்குள் சைக்கிள் விட்டோம். அவர் பேசுவதெல்லாம் பெருமாள் அன்றைக்கு என்ன அமுது செய்கிறார் என்பதைப் பற்றித்தான். படித்துறையில் துணி துவைக்கிறவர்கள் சிரிப்பார்கள். அவர் சட்டை செய்யமாட்டார். “நன்னா சிரிங்கோ, உங்களுக்கும் வரும்” என்பார்.

ஆவணி பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் குதிகால்மேல் உட்கார்ந்தேன். பெரியவர் சந்திலிருந்து நடந்து வந்து பார்த்தார். என் முட்டியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். நான் மறுநாள் மண்ணச்சநல்லூர் போய் சைக்கிளை எடுத்தேன்.

கதை அங்கே முடிந்திருக்கவேண்டும். முதல் நாள் நொச்சியத்திலேயே சில்லுக்கு அடியில் ஊசி குத்துகிறமாதிரி ஆரம்பித்தது. ஸ்ரீரங்கம் வரும்போது நெருப்பு. சாயங்காலம் முட்டி பனங்காய் மாதிரி வீங்கியிருந்தது. ஒரு நாள் ஓய்வெடுத்து மறுபடி ஏறினேன், மறுபடி வீங்கியது. மூன்றாம் தடவை கொள்ளிடம் பாலம் முழுவதும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். மண்டி போய்ச் சேர்ந்தபோது ஒன்பதேகால். ஒரு வியாபாரி பையைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தார். மில்லில் கணக்குப்பிள்ளை, “தவளை இப்ப ஆமையாயிட்டுது” என்றார். அவர் மேல் தப்பில்லை. மறுபடி பஸ்ஸில் தொங்கவேண்டி வருமோ என்ற பயம் அவருக்கு.

ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கொள்ளிடத்துக் காற்று மூட்டில் இறங்கிவிட்டது என்றார் ஒருவர். வாயு என்றார் இன்னொருவர், உருளைக்கிழங்கை விடச் சொன்னார். நான் உருளைக்கிழங்கைப் பார்த்தே ஒரு வருஷம் ஆகியிருந்தது. சனிக்கிழமை எள் விளக்கு ஏற்றினேன். வேப்பெண்ணெய் தேய்த்தேன். முதலாளி எதிரில் வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடந்தேன். குறுவைக் கதிர் வயலில் பழுக்க ஆரம்பித்திருந்தது. நொச்சியத்து வயல்களைத் தாண்டும்போது தினமும் அதன் நிறத்தைப் பார்ப்பேன். அது மஞ்சளாக ஆக ஆக எனக்கு நாள் குறைகிறது என்று அர்த்தம்.

கண்டுபிடித்தவர் பாய்தான். எலும்பு கட்டுகிற பெரியவரிடம் திரும்பப் போக வெட்கப்பட்டுக்கொண்டு அவர் கடையில் உட்கார்ந்திருந்தேன். அவர் தன் வாடகை சைக்கிள் ஒன்றின் சீட்டை என் இடுப்புக்கு ஏற்றி, சத்திரம்வரை போய்விட்டு வரச் சொன்னார். போய்விட்டு வந்தேன். இன்னொரு தடவை போகச் சொன்னார். நாலு தடவை போனேன். பிறகு மில் சைக்கிளில் ஒரு தடவை. திரும்பும்போதே ஊசி குத்தியது.

பாய் கையைத் துடைத்துக்கொண்டார். “விழுந்த வலி எப்பவோ போயிடுச்சு தம்பி. இது உக்கார்ற வலி. முட்டியை முழுசா நீட்டவே விடாம இத்தனை வருஷம் மிதிச்சிருக்கே. நல்ல முட்டி பொறுத்துக்கிச்சு, அடிபட்ட முட்டி பொறுக்கலே.”

சீட்டை ஏற்றிக்கொடுங்கள் என்றேன். அவர் பற்றவைத்த இடத்தைத் தடவிப் பார்த்தார். அது இன்னொருத்தர் வண்டி, அவர் வேண்டுமென்றே வைத்த பற்று, முதலாளியிடம் கேட்டுக்கொண்டு வா என்றார். இரண்டு நாள் கழித்துப் போய், கேட்டுவிட்டேன், சரி என்றார் என்று சொன்னேன். கேட்கவில்லை. கேட்டால் ஆயுத பூஜைச் சுற்று ஞாபகம் வரும், முடியாது என்பார். முடியாது என்று வாயால் வந்துவிட்டால் பிறகு ஒன்றும் செய்யமுடியாது. பட்டினி கிடந்த காலத்தில்கூட நான் பொய் சொல்லிச் சாப்பிட்டதில்லை. முட்டிக்காகச் சொன்னேன்.

பாய் சைக்கிளைக் கொல்லர் உலைக்குக் கொண்டுபோய், காய்ச்சி, முறுக்கி எடுத்தார். நீளமான வேறு தண்டு போட்டு, ஏற்றி இறக்குவதற்கு போல்ட் வைத்து, கருகிய இடத்தில் கறுப்பு வார்னிஷ் பூசினார். அந்த போல்ட்டுக்கு ஒரு சின்ன ஸ்பேனரும் கொடுத்தார். பூஜைக்கு முன்னால் இறக்கிவைத்துவிட்டு, மறுநாள் ஏற்றிக்கொள்ளலாம் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலையில் காவிரிப் பாலத்தில் ஏறியபோது, முதல் தடவையாக சைக்கிளில் இருந்தபடி ஆற்றைப் பார்த்தேன். இரண்டரை வருஷமாகத் தினமும் அந்தப் பாலத்தில் போயிருக்கிறேன். ஆனால் பழைய சீட்டின் உயரத்தில் உட்கார்ந்தால் பாலத்துக் கைப்பிடிச் சுவர்தான் கண்ணுக்குத் தெரியும், தண்ணீர் தெரியாது. இப்போது சுவருக்கு மேலே தலை போய்விட்டது. கரையோடு கரையாகத் தண்ணீர், நடுவில் ஒரு ஓடம், ஸ்ரீரங்கத்துக் கரையில் அம்மா மண்டபத்துப் படிகள், அதில் எறும்பு மாதிரி ஆட்கள். தளிகைக்காரர் இருக்கிறாரா என்று தேடிக்கொண்டே போய் எதிரே வந்த ஜட்காவில் மோதப் பார்த்தேன். கால் முழுசாக நீண்டு நீண்டு மடங்கியது. வலி ஒரே நாளில் போகவில்லை. முதலில் வீக்கம் நின்றது, பிறகு ஊசி நின்றது, பத்துப் பன்னிரண்டு நாளில் முட்டி என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. குறுவை நெல் முதல் வண்டி மில்லுக்கு வந்த அன்றைக்கு நான் எட்டேகாலுக்கு மண்டியில் இருந்தேன்.

முதலாளி எதையும் கவனிக்கவில்லை. அவர் வருவதற்கு முன் நான் கிளம்பிவிடுவேன், திரும்பி வந்தால் சைக்கிளை உமிக்குவியலுக்குப் பின்னால் சாத்திவிடுவேன்.

ஆயுத பூஜை அன்றைக்கு மண்டி கிடையாது. ஆனால் என்ஜினுக்குப் போட மாலை வாங்கிவர என்னை சைக்கிளில் ஸ்ரீரங்கம் அனுப்பினார்கள். பூக்கட்டுகிற இடத்தில் ஊரே நின்றது. மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு நான் மில்லுக்குள் நுழைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. விளக்கு ஏற்றியாகிவிட்டது. எல்லாரும் எனக்காகத்தான் காத்திருந்தார்கள். மாலையை வாங்கிக்கொண்டு கணக்குப்பிள்ளை, உன் ஆயுதம் எங்கே, அதையும் கொண்டா, தீபம் காட்டப்போகிறோம் என்று அவசரப்படுத்தினார். எனக்கென்று இருந்த ஆயுதம் ஒன்றுதான். சட்டைப் பையிலிருந்த ஸ்பேனரைக் கழுவி, சந்தனமும் குங்குமமும் வைத்து, மரக்காலுக்கும் எண்ணெய்க் கேனுக்கும் நடுவில் வைத்தேன். கைகூப்பி நின்றேன். உண்மையாகவே பக்தியோடு நின்றேன். அந்த ஸ்பேனர்தானே எனக்குக் காலைத் திருப்பிக் கொடுத்தது.

கற்பூரம் அணைந்தது. யாரோ சைக்கிளைத் துடைத்து, வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துத் தயாராக நிறுத்தியிருந்தார்கள். முதலாளி வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு அதை நோக்கி நடந்தார். சீட்டை இறக்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூஜை ஆகும்வரை தொடக்கூடாது. பேனாவைக்கூட எடுக்கமாட்டார்கள். அவசரத்துக்கு ஒரு ஆணி அடிக்கவேண்டுமென்றாலும் கல்லால்தான் அடிப்பார்கள்.

முதலாளி சீட்டில் கை வைத்தார். அது அவர் மார்புக்கு இருந்தது. கையை எடுத்தார். குனிந்து தண்டைப் பார்த்தார். புது போல்ட்டை, வார்னிஷை எல்லாம் பார்த்தார். என்ஜின் டிரைவர் போல்ட்டைக் கையாலேயே திருகிப் பார்த்தார். பாய் போட்ட முறுக்கு, அசையவில்லை.

“ஸ்பேனர் எங்கேடா?” என்றார் கணக்குப்பிள்ளை.

“பூஜையில இருக்குங்க.”

எல்லாரும் திரும்பி விளக்குப் பக்கம் பார்த்தார்கள். சந்தனப் பொட்டோடு அது அங்கே இருந்தது. வேறு ஸ்பேனர்களும் இருந்தன, எல்லாம் பொட்டோடு.

முதலாளி என்னைப் பார்த்தார். “யாரைக் கேட்டு எடுத்தே, நான் பத்தவச்சதை?”

“யாரையும் கேக்கலைங்க.”

“எதுக்கு?”

“முட்டிங்க, முதலாளி. அந்த உசரத்துல மடங்கி மடங்கி வீங்கிட்டே இருந்துச்சு. ஏத்தினப்புறம் வலி இல்லை.”

அவர் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார். அவர் என்ன நினைத்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அறுந்த பெல்ட்டை நினைத்திருக்கலாம். மில்லிலிருந்த பத்துப் பேரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏறு” என்றார்.

நான் புரியாமல் நின்றேன்.

“நீ ஏறுடா. நான் பின்னால உக்காந்துக்கறேன். மில்லை நான் சுத்தணும், அவ்வளவுதானே? நான்தான் மிதிக்கணும்னு எங்கேயும் எழுதி வைக்கலே.”

ஏறினேன். கணக்குப்பிள்ளையும் டிரைவரும் முதலாளியைத் தூக்கி கேரியரில் வைத்தார்கள். அவர் ஒரு பக்கமாகக் காலைத் தொங்கவிட்டு, என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ஆள் குள்ளமானாலும் எடை இரண்டு கலம் நெல் இருக்கும். விழுந்ததிலிருந்து நான் கேரியரில் ஒரு மூட்டைகூட ஏற்றியதில்லை. முட்டி தாங்குமா என்று எனக்கே தெரியாது. அந்த நாளில் முதலாளியோடு விழுந்தால் வேலையோடு போகாது, வருகிற வருஷம் அந்த மில்லில் என்ன கெட்டது நடந்தாலும் அது என் முட்டியால்தான் என்று ஆகிவிடும்.

வலது காலை அழுத்தினேன். எலுமிச்சம்பழம் நசுங்குகிற சத்தம் கேட்டது. சைக்கிள் ஒரு தடவை ஆடி நேரானது. நெற்களத்து ஓரமாகப் போனோம். பின்பக்கம் உமிக்குவியலுக்கு அருகே கொஞ்சம் மேடு. அங்கே எழுந்து நின்று மிதிக்கவேண்டும், பின்னால் அவரை வைத்துக்கொண்டு நிற்க முடியாது. உட்கார்ந்தபடியே கால் முழுசாக நீளும்வரை ஒவ்வொரு மிதியாக மிதித்தேன். பழைய உயரத்தில் அந்த மேட்டை ஏறியிருக்கவே முடியாது. மேட்டின் உச்சியில் யாருடைய கண்ணுக்கும் நாங்கள் தெரியாத இடத்தில் முதலாளி என் முதுகுக்குப் பின்னால் பேசினார்:

“நாலு வருஷமா இந்த ஒரு சுத்துக்காக ஒரு மாசம் முன்னாடியே எனக்குத் தூக்கம் போயிடும். முட்டி உனக்கு மட்டும்தான் இருக்குன்னு நினைச்சியா?”

சரிவில் இறங்க பிரேக்கைப் பிடித்தேன். மூச்சு இல்லை.

“சீட்டை இறக்காதே. திருடு போச்சுன்னா உன் பொறுப்பு.”

முன்பக்கம் வந்து நின்றபோது எல்லாருக்கும் பொரியும் கடலையும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கணக்குப்பிள்ளை எனக்கு இரண்டு கை அள்ளிப் போட்டார். அன்றைக்கு முட்டி கொஞ்சம் வலித்தது. வீங்கவில்லை.

பாயிடம் உண்மையைச் சொன்னேன். பொய் சொல்லித் தன் கையால் இன்னொருத்தர் வண்டியில் கைவைக்கச் செய்துவிட்டேன் என்று அவருக்குக் கோபம். ஒரு வாரம் காற்றடிக்கிற பம்பை எடுத்துக் கொடுத்தாரே தவிரப் பேசவில்லை. எட்டாம் நாள், முதலாளி பின்னால் உட்கார்ந்து வந்ததை இன்னொரு தடவை சொல்லு என்றார்.

அடுத்த வருஷமும் நான்தான் முதலாளியை ஏற்றிக்கொண்டு மில்லைச் சுற்றி வந்தேன். அதற்கப்புறம் யுத்தம் வந்தது. மில்லுக்குப் பக்கத்து வீட்டிலேயே டெலிபோன் வந்தது. மாதிரி பார்த்து வாங்குவது குறைந்துகொண்டே போயிற்று. வாரத்துக்கு இரண்டு நாள்தான் வேலை என்று ஆனபோது, ஒரு காலையில் எனக்குப் பழைய மாதிரி வேறு ஊருக்குப் போகவேண்டும் போல் இருந்தது. முதலாளியிடம் சொன்னேன். அவர் தடுக்கவில்லை.

கிளம்பும்போது சைக்கிளைத் துடைத்து நிறுத்திவிட்டு, ஸ்பேனரை எடுத்து சீட்டைப் பழைய உயரத்துக்கு இறக்கப் போனேன். எடுத்த இடத்தில் எடுத்தபடி வைக்கவேண்டும் என்று எனக்கு. கால் அறுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த முதலாளி பார்த்துவிட்டார்.

“விடு. வர்றவன் உசரம் பார்த்து வச்சுக்கலாம்” என்றார்.

ஸ்பேனரை அவர் மேஜைமேல் வைத்துவிட்டு நடந்தேன். நொச்சியம்வரை நடந்தது தெரியவில்லை. கொள்ளிடம் பாலத்தில் ஏறியதும் சட்டைக்குள் காற்று புகுந்தது. காவிரிப் பாலத்தில், கழியோடு நடந்த நாளில்போலவே, நடந்து போகிறவனுக்குத் தண்ணீர் நன்றாகவே தெரிகிறது என்பதைப் பார்த்துக்கொண்டே போனேன்.